பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர்

கழுவுவதற்காகத் தொட்டியில் போட்ட அரைக்கீரை என் கண் முன்னாலேயே துவண்டு போனது. மார்கழி மாதம், இன்னும் சரியாக விடியவில்லை. குழாய்க்கு அடியில் கையை நீட்டினேன். சுட்டது.

"இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

"டேங்க் வெயில்ல காஞ்சிருக்கும்" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"வெளிய பனி கொட்டிக்கினு கீது. எந்த வெயிலு?"

எழுந்து வந்து விரலை வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஹீட்டர் கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களில் அது ஒரு ஒழுங்கில்லாமல் வந்தது. ஒருநாள் வெந்நீர், மறுநாள் சாதாரணத் தண்ணீர், சில நாள் பாதிப் பாத்திரம் நிறைந்த பிறகு சூடு. உத்திரமேரூரிலிருந்து வந்த பிளம்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தார், புதுக் குழாய் மாட்டினார். "ஹீட்டர் இல்லாத வூட்ல வெந்நி எப்படிங்க வரும்?" என்று எங்களையே கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை புதுக் குழாயிலும் சுடுதண்ணீர்தான் வந்தது.

வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் என் மாமனார் கட்டிய வீடு அது. அவர் போன பிறகு ஏரிக்கரை நிலத்தை மனைக்கு விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றியது. அண்ணன் விற்கலாம் என்றார், என் கணவர் முடியாது என்றார். நிலம் விற்கவில்லை, ஆனால் வீடு இரண்டாகப் பிரிந்தது. கூடத்துக்கு நடுவில் சுவர் எழுந்தது. வாசல் ஆளுக்கொன்று. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. ஒரு வாரம் அவர்கள் மோட்டார் போடுவார்கள், ஒரு வாரம் நாங்கள். அதற்குப் பேச்சே தேவைப்படவில்லை.

ஆண்கள் பேசாததால் பெண்களும் பேசாமலானோம். கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, எனக்கு அப்படியொன்றும் வேண்டாதவரில்லை. என் பிரசவத்துக்கு என் அம்மா வந்து சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அவருக்கும் எனக்கும் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. எதிரில் பார்த்தால் அவர் முதலில் குனிவார், இல்லையென்றால் நான் குனிவேன். அப்படியே வருஷங்கள் போயின.

மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்த என் கணவரின் முகம் சிவந்திருந்தது. "அவங்க புதுசா சோலார் ஹீட்டர் போட்டுக்கீறாங்க இல்ல? அந்த வெந்நி தான் நம்ம பக்கம் வருது. வேணும்னே பண்றாங்க."

"வெந்நிய யாருங்க வேணும்னே அடுத்த வூட்டுக்கு அனுப்புவாங்க?"

"உனுக்குத் தெரியாது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போனால் வாசலில் நின்று கத்துவார், நாலு பேர் கூடுவார்கள். "நான் கேக்கறேன், நீங்க சும்மா இருங்க" என்று தடுத்துவிட்டேன்.

எங்கள் குளியலறை வென்டிலேட்டரும் அவர்களுடையதும் பின்பக்கத்துச் சந்தில் எதிரெதிராக இருக்கும். மறுநாள் காலை அங்கே ஓரகத்தி வாளி நகர்த்தும் சத்தம் கேட்டது. பக்கெட்டைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றேன்.

"அக்கா."

சத்தம் நின்றது.

"அக்கா, நான்தான். ஒன்னு கேக்கணும். எங்க குழாய்ல சுடுதண்ணி வருது. உங்க பக்கம் ஏதாச்சும் மாத்திக்கீறீங்களா?"

"உங்க வூட்லயா வருது?" என்றார் அவர். குரல் அப்படியே இருந்தது. "அதானே பாத்தேன். சோலார் போட்டும் எனுக்கு ரெண்டு பக்கெட்டு வெந்நி கெடைக்கல. கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு மிசினு நல்லாத்தான் கீதுன்னு சொல்லிட்டான். இவரு என்னைத்தான் திட்டிக்கினு கீறாரு, தண்ணிய வாரி எறைக்கறேன்னு."

அவர் வீட்டில் காணாமல் போன வெந்நீர் என் வீட்டில் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அவர் சிரித்தார்.

அன்றே தேட ஆரம்பித்தோம். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஓடி வந்து பக்கெட் மேல் ஏறுவேன். அவர் தன் வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடுவார். "இப்ப?" என்பார். ஓடிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சுடுதுக்கா" என்பேன். சமையலறைக் குழாய் இல்லை. வாஷ்பேசின் இல்லை. கடைசியில் குளியலறையில் சுவரோடு பதித்திருந்த குழாய்க்கு வந்தார். வெந்நீருக்கு ஒரு திருகு, பச்சைத்தண்ணீருக்கு ஒரு திருகு, இரண்டும் கலந்து கையில் பிடிக்கும் ஷவருக்குப் போகும். இரண்டையும் மூடினார். என் சமையலறைத் தண்ணீர் சிறிது நேரத்தில் ஆறியது.

"அக்கா, அந்த ரெண்டையும் தொறந்தே வுட்டு வைப்பீங்களா?"

"ஆமாம்மா. அந்த மூட்டுவலிக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து வெரலு மடங்கல. திருக முடியல. ஷவர்ல கீற பித்தானை அமுக்கினா தண்ணி வருது, வுட்டா நின்னுடுது. அதான் வுட்டுடறேன்."

ஷவரில் தண்ணீர் நின்றாலும், திறந்திருந்த இரண்டு திருகுகளுக்கு நடுவில் வெந்நீருக்கு வழி இருந்தது. நான் என் குழாயைத் திறந்தால் அவருடைய வெந்நீர் அந்த வழியாகப் பச்சைத்தண்ணீர் லைனுக்குள் இறங்கி, சுவருக்குள்ளேயே எங்கள் பக்கம் வந்துவிடும். மாமனார் போட்ட லைன் அது. அவர் காலத்தில் சுவர் இல்லை.

அதன் பிறகு தினமும் காலையில், "அக்கா, மூடிட்டீங்களா?" என்று கேட்பேன். "மறந்துட்டேன், இரு" என்பார் பாதி நாள். அந்தக் கேள்வியோடு பேச்சு நிற்கவில்லை. அவர் மகன் ஒரகடத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது, மருமகள் உண்டாகியிருப்பது, என் மகள் கணக்கில் மார்க் குறைந்தது என்று பக்கெட் மேல் நின்றபடியே எல்லாம் பேசினோம். பொங்கலுக்கு அவர் கொடுத்த வள்ளிக்கிழங்கைச் சந்துப் பக்கம் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். சில நாள் அவர் வேண்டுமென்றே மூடாமல் விட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

ஆண்களுக்கும் விஷயம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமே மாடியில் இருந்தார்கள். துணி காயப்போட ஏறிய நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"இது நைனா போட்ட லைனு" என்றார் அண்ணன். "இங்கேர்ந்துதான் ரெண்டு பக்கமும் பிரியுது."

"இரும்புப் பைப்பு. உள்ள துரு புடிச்சிருக்கும்" என்றார் என் கணவர்.

"அப்ப நீதான சைக்கிள்ல வச்சி எட்த்தாந்த."

"ஆமா. ரெண்டு வாட்டி வுழுந்தேன்."

இருவரும் தொட்டிக்கு அடியில் குனிந்து நின்றார்கள். அண்ணன் தன் கையால் பைப்பைத் தட்டிக் காட்டினார். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் எவ்வளவோ நினைத்துவிட்டேன்.

பிறகு என் கணவர் சொன்னார்: "தனித்தனியா பிரிச்சிட்டா நல்லது."

"அதான் நானும் நெனச்சேன். நாளைக்கு ஒரு பேஜார் வேணாம்" என்றார் அண்ணன்.

கோபமே இல்லாமல் சொன்னார்கள். அதுதான் எனக்கு வலித்தது. கோபமாக இருந்தால் ஆறும் என்று காத்திருக்கலாம்.

இரவு சாப்பாட்டின்போது கேட்டுப் பார்த்தேன். "திருகு ரெண்டையும் மூடினா போதுமே. லைன வெட்டணுமா?"

"எத்தினி நாளிக்கு நீ பக்கெட்டு மேல ஏறி கேட்டுக்கினு இருப்ப?" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

எங்களுக்குப் புதுத் தொட்டி வந்தது. அதே பிளம்பர் சுவரைக் கொத்திப் பழைய பைப்பை அறுத்து, இரண்டு முனையையும் மூடி சிமென்ட் பூசினார். அன்றிலிருந்து தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே வந்தது. முதல் சில நாள் பக்கெட் மேல் ஏறி, "அக்கா, உங்களுக்கு இப்ப வெந்நி போதுதா?" என்று கேட்டேன். "போதுதும்மா" என்றார். அதற்குமேல் கேட்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணமில்லாமல் கூப்பிட இருவருக்கும் கூச்சமாக இருந்தது. அவர் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று நான் நினைத்தேன். அவரும் அப்படி ஏதாவது நினைத்திருப்பார்.

பேரன் பிறந்ததும் அவர்கள் மகனோடு இருக்க ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள். டெம்போ வந்த அன்று என் கணவர் தானாகவே போய் அண்ணனோடு சேர்ந்து பீரோவைத் தூக்கி ஏற்றினார். "பாத்து, கதவு இடிக்கும்" என்பதைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. ஓரகத்தி எங்கள் வாசல் வரை வந்தார். பிரிந்த பிறகு அவர் எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள வாங்கக்கா, டீ போடறேன்" என்றேன்.

"வண்டி நிக்குதும்மா. இன்னொரு நாளிக்கு வரேன்" என்றார்.

இன்னும் வரவில்லை. போனில் பேசுகிறோம், மாதத்துக்கு ஒரு தரமோ என்னவோ. குழந்தை அழும், அவர் வைத்துவிடுவார்.