கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பானை ஹரீஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடியில் பானையோடு கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தேன். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். அதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அறுபத்தொன்பது வயதில்தான் கோயில் மண்டப வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன்.

பானையில் இருந்தது ஹரீஸ். கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்துக் கடையும் அரபுக் கஞ்சி. கேட்டவன் இஸ்மாயில். துறைமுகத்தில் என்னோடு லோரி ஓட்டிவிட்டு, பிறகு பத்து வருடம் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தவன். தொண்டையில் அறுவை நடந்த பிறகு விழுங்கப் பயந்து பாலைத் தவிர எதையும் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் ஏதாவது சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் வைப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஹரீஸ்னா இறங்கும்னு தோணுதுடா" என்று போனில் சொன்னான். அவன் வீட்டில் யாருக்கும் செய்யத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். என் கையால் எழுதிய முதல் சமையல் குறிப்பு அது.

சனிக்கிழமை கிள்ளானில் உமி நீக்கிய முழுக் கோதுமை அரைக் கிலோ வாங்கினேன், நாலரை வெள்ளி (ரிங்கிட்). ஹலால் ஆட்டிறைச்சி அரைக் கிலோ, முப்பது வெள்ளி. எங்கள் வீட்டுப் பானையில் முன்பு என்ன வெந்தது என்று இஸ்மாயில் கேட்கமாட்டான். இருந்தாலும் இரண்டு புதுப் பானை வாங்கினேன். கோதுமையை இரவே ஊறவைத்தேன்.

காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். இறைச்சி தனியாக வெந்ததும் பின்பக்கம் உட்கார்ந்து எலும்பு பொறுக்கினேன். ஒரு சில்லு தங்கினாலும் அந்தத் தொண்டைக்கு ஆபத்து. திரும்பி வந்தால், என் மனைவி பார்வதி கோதுமையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நிறம் மாறியிருந்தது.

"என்ன போட்ட?"

"குலா மலாக்கா. கோதுமைப் புபுருக்கு வேற என்னத்தப் போடுவாங்க?"

"அது இஸ்மாயிலுக்கு. கறி போடணும்."

"கோதுமையில கறியா? எழுதத் தெரிஞ்ச ஆளு, பானையில ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்ல?"

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் கோதுமை கொதித்தால் புபுர்தான், குலா மலாக்கா என்கிற பனைவெல்லம் போட்ட கஞ்சி. வேறு கோதுமை ஊறவைக்க நேரமில்லை. வடிகட்டி, சுடுநீரில் இரண்டு முறை அலசினேன். இனிப்பு முழுவதும் போகவில்லை. இறைச்சியும் அதன் சாறும் உப்பும் சேர்த்து, முக்கால் மணி நேரம் மத்தால் கடைந்து, நெய் விட்டேன்.

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதியவருக்குப் பாதிக் கட்டணம். முன்பெல்லாம் நிலையங்களை விரல்விட்டு எண்ணித்தான் இறங்குவேன். இப்போது பலகைகளைப் படிக்கிறேன். அன்று இரண்டு பலகைதான் படித்தேன். மனம் பானையிலேயே இருந்தது.

சென்ட்ரல் நிலையத்திலிருந்து இஸ்மாயில் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அவன் மகள் சல்மா ஒரு கரண்டி ஊட்டினாள். வாயிலேயே வைத்திருந்தான். பிறகு தொண்டை அசைந்தது.

"சீனி போட்டியா?"

"பார்வதி புபுர்னு நினைச்சுட்டாடா."

தோள் குலுங்கச் சிரித்தான். "குவைத்துல மேல சீனியும் பட்டைத்தூளும் தூவித்தான் தருவாங்க. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தங்கச்சிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"போதும் லா, பேசாம சாப்பிடுங்க வாப்பா" என்றாள் சல்மா. அடுத்த கரண்டிக்கு அவனே வாயைத் திறந்தான். பதினொரு கரண்டி. நான் எண்ணினேன். மறுநாள் டாக்டர் குழாய் வைக்கவில்லை.

அவன் சொன்னது உண்மையா, பார்வதிக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. இனிமேல் எதையும் தேடிப் படித்துப் பார்க்கலாம். இதை மட்டும் படிக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ரயிலில் கஞ்சி கொண்டுபோகிறவர்களுக்கு: மூடியைத் துணியால் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள். சூடு ஆறினால் கஞ்சி இறுகும். கொஞ்சம் சாற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறை கேட்பவர்களுக்கு என் நோட்டில் உள்ளதை அப்படியே தருவேன். கடைசி வரியை அன்று மாலை வீடு திரும்பியதும் சேர்த்தேன்: குலா மலாக்கா, பார்வதி கை அளவு.