ரேடியோ சித்தியும் துணி அறையும்

என் அம்மாவின் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் படுக்கும்வரை பேச்சு நிற்காது. அப்படிப்பட்டவள் படித்தது காதைப் பற்றி. "எல்லார் காதையும் கெடுத்துட்டு, இப்ப சரி பண்ணக் கிளம்பிட்டா" என்று தாத்தா கேலி செய்வார். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று அங்கேயே ஊன்றிவிட்டாள். லீவில் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள்.

அப்படி வந்த ஒரு லீவில், பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகளைத் தூக்கிக் கொஞ்சினாள். மூன்று வயதாகியும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம்" என்று அதன் அம்மா சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. குழந்தைக்குப் பின்னால் போய் நின்று ஒரு தட்டைத் தரையில் போட்டாள். நாங்கள் எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினோம். குழந்தை மட்டும் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

காதுக்குக் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதிலேயே அந்த லீவு போயிற்று. பேச்சு வந்தது, ஆனால் மெல்ல, கஷ்டப்பட்டு. "பொறந்த கையோட பாத்திருந்தா இவ இந்நேரம் என்னை மாதிரி வாயாடியா இருந்திருப்பாக்கா" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் சித்தி. அவள் வேலை செய்யும் ஊரில், பிறந்த குழந்தை வீட்டுக்குப் போகுமுன் காதைச் சோதித்துவிடுவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த வழக்கமே இல்லை.

திரும்பிப் போனதும், தன்னைப் போலவே இங்கிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் டாக்டர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு வீடியோவில் வகுப்பு எடுத்தார்கள். கைக்கு அடக்கமான சோதனைக் கருவி ஒன்றை அனுப்பினார்கள். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதோடு சரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிரசவ வார்டின் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள் சித்தி. வார்டில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா.

"மெஷின் எப்படி இருக்கு, சிஸ்டர்?"

"ரொம்பப் பத்திரமா இருக்குங்க மேடம். பீரோல வச்சுப் பூட்டியிருக்கோம்."

"பூட்டியா?"

"உங்க வகுப்புல எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கையில எடுத்தா பயமா இருக்குங்க. பச்சைக் குழந்தை காதாச்சே. பக்கத்துல நின்னு ஒருத்தர் சொல்லிக் குடுத்தா செய்வோம்."

சித்திக்கு முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு. எங்களுக்குப் போன் செய்து சிரித்துத் தீர்த்துவிட்டு, "அவங்க சொல்றது நியாயந்தானே. எனக்கும் ஒருத்தர் பக்கத்துல நின்னுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். பிள்ளைகளைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்து, நீண்ட லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள்.

முதல் வாரம் படுதோல்வி. சோதனை என்னவோ எளிதுதான். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்தால், கருவி மெல்லிய ஒலியை அனுப்பும். நல்ல காது அதற்கு ஓர் எதிரொலி தரும். கருவி அதைப் பிடித்துப் பச்சை விளக்கைக் காட்டும். ஆனால் வார்டில் மின்விசிறி கடகடத்தது, தட்டுகள் உருண்டன, பார்க்க வந்தவர்கள் குழந்தை யார் ஜாடை என்று சண்டை பிடித்தார்கள். அந்த இரைச்சலில் எதிரொலி கருவிக்கு எட்டவில்லை. எந்தக் குழந்தைக்கு வைத்தாலும் சிவப்பு விளக்கு. ஒரு தாய் அழுதேவிட்டாள். அவள் மாமியார், "நல்லா இருக்கிற புள்ளைக்கு ஏம்மா நோவு கண்டுபிடிக்கிறீங்க?" என்று சித்தியைப் பிடி பிடியென்று பிடித்தார். அன்று சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். வீட்டின் அமைதி அம்மாவுக்குத் தாங்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏதாவது பேசுடி" என்று கெஞ்சினாள்.

மறுநாள் சித்தியும் பெரியக்காவும் சத்தமில்லாத இடம் தேடி மாடி மாடியாக அலைந்தார்கள். மருந்து அறையில் ஃபிரிட்ஜ் உறுமியது. டாக்டர் அறை வாசலில் எப்போதும் கூட்டம். கால் ஓய்ந்துபோய், கொஞ்சம் உட்காரலாம் என்று துவைத்த துணி அடுக்கும் அறைக்குள் நுழைந்தார்கள். கூரைவரை போர்வையும் விரிப்பும். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அப்படியே அமுங்கிப்போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடடா சிஸ்டர், இத முதல்லயே..." என்று சித்தி தொடங்கினாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. குழந்தை வர்ற நேரத்துல நீங்க மட்டும் பேசாம இருந்தீங்கன்னா போதும்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பால் குடித்து அசந்து தூங்கிய குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பெரியக்கா குமிழை அதன் காதில் வைத்தார். சித்தி அவர் மணிக்கட்டை மட்டும் தாங்கிக்கொண்டாள். பச்சை. அடுத்த குழந்தைக்கும் பச்சை. சித்தி வெளிநாடு திரும்பும்போது வார்டு நர்ஸுகள் எல்லோருக்கும் கை பழகிவிட்டது.

அவள் போன பிறகு, பஸ் கண்டக்டர் ஒருவரின் ஆண் குழந்தைக்கு மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் சிவப்பாகவே வந்தது. பெரியக்கா அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதம்மா, சீக்கிரமே பாத்துட்டோம்" என்றார். மேல் சோதனை முடிவுகளை வீடியோவில் சித்தியின் குழு பார்த்து, எந்தக் கருவி, எந்த அளவில் என்று சொன்னது. பொருத்திய அன்று அந்தத் தாய் மெதுவாக, "கண்ணு" என்றாள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென நிறுத்தி, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பெரியக்கா இதைப் போனில் சித்தியிடம் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

இப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலும் இந்தச் சோதனை நடக்கிறது. அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்தவர் பெரியக்கா. விஷயம் சித்திக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாத்தியாக்கா!" என்று அம்மாவிடம் குறைபட்டாள்.

"நீ நெனச்சதுதானடி நடக்குது, அப்புறம் என்ன?"

"சந்தோஷந்தான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்ல!"

சித்தியின் குழுவிலிருந்து வருஷத்துக்கு ஒருவர் லீவில் வந்து பெரியக்காவுடன் நிற்கிறார். இந்த வருஷம் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்திருக்கிறாள். "அங்க போனா முதல்ல அவங்களுக்கு என்ன வேணும்னு கேளு, அதுவரைக்கும் எதையும் சொல்லிக் குடுக்காத" என்று சித்தி சொல்லி அனுப்பினாளாம். சொல்லி முடிக்க அரை நாள் ஆயிற்று என்று அந்தப் பெண் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள்.