பல் தெரியாமல் ஒரு சிரிப்பு

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; 'ஒருநிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். ஸ்டூடியோவில் யார் வந்து உட்கார்ந்தாலும் "ஒரு நிமிஷம்" என்று காக்கவைத்து, விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி, வீட்டுக் கதை ஏதாவது கேட்டு, வந்தவர் கேமரா இருப்பதையே மறக்கும் நேரம் பார்த்துத்தான் அமுக்குவார். "சிரிங்க" என்று யாரையும் கேட்டதில்லை. சொல்லி வருகிற சிரிப்பு சிரிப்பே இல்லை என்பது அவர் கட்சி. சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த வங்கி மேனேஜரே அந்தக் கடைச் சுவரில் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு தொங்குகிறார்.

அவரிடம் சொல்லக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். "உங்க கேமரா நல்ல கேமரா சார்."

"கையெழுத்து நல்லா இருந்தா பேனாவுக்கா கை குடுப்பீங்க?" என்று பாய்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் போன மாதம் புது லென்ஸ் ஒன்று வாங்கினார். காரணம் மகள். வேலைக்காக வெகுதூரம் போய்விட்ட அவள் ஃபோனில் கேட்டாள்: "கடைச் சுவத்துல ஊரே சிரிக்குது. அம்மா மட்டும் ஏம்ப்பா இல்ல? இங்க தனியா இருக்கறது கஷ்டமா இருக்கு. மேஜையில வெச்சுக்கறேன், நல்ல படமா ஒண்ணு அனுப்புங்கப்பா."

மனைவியை எடுக்காமல் இல்லை. வருஷா வருஷம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் உதடு ஒட்டிக்கொண்ட ஒரே முகம், அடையாள அட்டைக்கு உட்கார்ந்த முகம். ஒருமுறை ஃபிளாஷ் சரியில்லை என்றார். இன்னொருமுறை கேமரா பழசு என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஊரையெல்லாம் கிண்டலடிப்பவர், தன் வீட்டுக்குள் வந்தால் கூடத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"புது லென்ஸ் வாங்கியாச்சு, படம் வருது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்துப் புது லென்ஸில் எடுத்தார். நெற்றி முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முகம் மட்டும் பழைய முகம்.

"கொஞ்சம் இயல்பாத்தான் இரேன்!"

"அப்படித்தாங்க இருக்கேன்" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் ஃபோனில் மெசேஜ் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். அவள் வேலைக்குப் போகும் தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி அனுப்பிய படம். கோணலாக இருந்தது. பின்னால் டியூப்லைட் கண்ணைக் கூசவைத்தது. ஓரத்தில் யாருடைய முழங்கையோ பாதி. நடுவில் அவர் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் லேசாக ஏறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை.

அவள் வந்ததும் படத்தை நீட்டினார். "என்கிட்ட ஏன் இப்படிச் சிரிச்சதே இல்ல?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான புதுசுல மொத படம் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? 'பல்லு தெரியாம சிரி, படத்துல அசிங்கமா விழும்'னீங்க. அப்போலேர்ந்து உங்க முன்னாடி வாய் தானா மூடிக்குது. கேமரா இல்லேன்னாலும்."

குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார். அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

அந்தக் கோணல் படத்தையே தன் ஃபோனுக்கு மாற்றி மகளுக்கு அனுப்பினார். கையோடு பதில் வந்தது: "அப்பா! அழுதுட்டேன். புது லென்ஸ்னா புது லென்ஸ்தான்!"

"என்ன சொல்றா?" என்றாள் மனைவி.

வாசித்துக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். அதற்குள் அவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.