நூற்றில் ஒன்றுகூட இல்லை

என் தம்பிக்குக் கடைசிவரை கழுத்து நிற்கவில்லை. மற்ற குழந்தைகள் தவழ்கிற வயதில் அவன் அம்மாவின் தோளில் துணிபோலச் சாய்ந்து கிடந்தான். பிறகு பால் உறிஞ்சும் தெம்பும் போயிற்று. மூச்சு விடுவதே அவனுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. அவன் மூச்சை இழுக்கிற சத்தம் சந்துக்கு அந்தப்பக்கம் எதிர்வீட்டுக்குக் கேட்கிறது என்று அத்தை சொல்வாள். மர்பி டவுனில் எங்கள் சந்து அவ்வளவு குறுகல். முதல் பிறந்தநாள் வருவதற்குள் அவன் போய்விட்டான். நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

அப்பாவும் அம்மாவும் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா அப்பாவுக்குத் தாய்மாமன் மகள். பெரியவர்கள் தயங்கியபோது நடுவில் நின்று பேசி அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவள் அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான். அந்தப் பெருமையை அவள் பல வருஷம் அனுபவித்தாள்.

அடுத்த வருஷமே அம்மா மறுபடி உண்டானாள். டாக்டரம்மா அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்து, சொந்தத்தில் கல்யாணமா என்று முதலில் கேட்டாராம். இருவர் உடம்பிலும் ஒரே குறை ஒளிந்திருக்கிறது, அது உங்களை ஒன்றும் செய்யாது, ஆனால் பிறக்கிற பிள்ளைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றாராம். கூடப் போயிருந்த அத்தை அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு கணக்கோடு வந்து நின்றாள்.

"நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாங்க? அந்த ஒண்ணு வந்து, பாவம், போயும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற மூணும் நல்லாத்தான்டா இருக்கும். எதுக்கு ஊசி கீசின்னு பேசிக்கிட்டு?"

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் கழித்தலை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒன்று, தம்பி ஒன்று, வரப்போவது இன்னொன்று, அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி என்று விரலை மடக்கி சந்தோஷப்பட்டேன்.

அப்பா கேப் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். என் லூடோ டப்பாவிலிருந்து பகடையை எடுத்துத் தரையில் உருட்டினார். நாலைந்து உருட்டலுக்குப் பிறகு சிக்ஸ் விழுந்தது. "விழுந்திடுச்சு. இனிமே சிக்ஸ் வராதுன்னு சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்டு மறுபடி உருட்டினார். இரண்டு விழுந்தது. அத்தை அவரை வெற்றியோடு பார்த்தாள். அப்பா சளைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸ் விழுந்தது.

"ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான்க்கா உருளுது. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது."

"பொறக்கப்போற புள்ளைய வெச்சாடா தாயம் ஆடுற?" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போனாள். லூடோவில் தொடர்ந்து மூன்றாவது சிக்ஸும் விழுந்தால் அந்த ஆட்டமே செல்லாதே என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே கவலை.

ஊசி என்று அவர்கள் பேசியது ஒரு பரிசோதனையைப் பற்றி. அம்மாவின் வயிற்றில் ஊசியை இறக்கி, பிள்ளையைச் சுற்றியிருக்கிற நீரில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால், தம்பிக்கு வந்தது இதற்கும் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஊசியாலேயே கரு கலைந்துபோவதும் எப்போதாவது உண்டு. எத்தனை பேருக்கு அப்படி ஆகும் என்று அப்பா கேட்டார். நூறு பேரில் ஒருவருக்குக்கூட ஆகாது என்றார் டாக்டரம்மா.

அப்பா அந்த இரண்டு எண்களையும் பல நாள் மனசுக்குள் ஓட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் நாலில் ஒன்று. மறுபக்கம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இன்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் எனக்கும் அதே விடைதான் வரும். அம்மாவிடம் அவர் அதைச் சொன்னபோது அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாலுல ஒண்ணோ, நூறுல ஒண்ணோ, நமக்கு வந்தா முழுசாத்தாங்க வரும்" என்றாள். ஆய்ந்த தழையை முறத்தில் போட்டுவிட்டு, "ஆனா அந்த மூச்சு சத்தத்த இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது. போட்டுடலாம்" என்றாள்.

ஊசி போட்டுக்கொண்டு வந்து அந்த வாரம் முழுக்க அம்மா நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மாவுக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அத்தை என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கரு கலைந்துவிட்டதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தையிடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். ஊசியால் கலைந்ததா, ஊசியே போடாவிட்டாலும் கலைந்திருக்குமா என்பதை டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை என்பது நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று அத்தை சந்தில் நின்றபடியே அப்பாவிடம், "உன் கணக்கு ஜெயிச்சிடுச்சுடா" என்றாள். அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். லூடோவை வைத்துச் சொன்னதை அத்தை ஒருவழியாக ஒப்புக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு அதற்கும் பிறகுதான் வந்தது. வாங்கப் போனபோது அப்பா என்னையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டார். வீட்டில் அம்மா படுத்தேயிருந்தாள், அத்தையோடு அப்பாவுக்குப் பேச்சில்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்புறம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "நார்மல். ஏனூ தொந்தரெ இர்லில்ல."

ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள் நான், எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். 'இல்லை' என்று சொல்லாமல் 'இருக்கவில்லை' என்று அவர் ஏன் சொன்னார் என்று மட்டும் யோசிக்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைந்த எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் எங்களிடம் நார்மல் என்று சொன்னதில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

திரும்பும் வழியில் அல்சூர் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். நான் முதுகில் தட்டிய பிறகுதான் அப்பா கிளப்பினார். சந்து முனையில் நிறுத்தியதும், "கண்ணு, இரு, அம்மாகிட்ட நான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நான் இறங்கி ஓடிவிட்டேன்.

"அம்மா, பாப்பா நார்மலாம்! ஒண்ணுமே இல்லையாம்!"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா திரும்பினாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, சமையல் மேடைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டாள். நல்ல செய்தி கொண்டுவந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

"அப்படியா தங்கம். சந்தோஷம்டா" என்றாள்.

அப்பாவுக்கும் போடச் சொல்லி நான் வாசலைக் காட்டினேன். அங்கே நின்றிருந்தவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குள் வந்து அவ்வளவு நேரமாகியும் அப்பா ஏன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.