ஆர்வில்லாவின் மொச்சைச் சட்டி

நான் வேகவைத்த மொச்சையைத் தின்பதற்காகவே கனடாவிலிருந்து நானூறு பேர் படகேறி வந்தார்கள். சரி, நாற்பது பேர். கனடாவும் இல்லை, பக்கத்து மீன்பிடித் துறை. படகும் இல்லை, இரண்டு வேன். ஆனால் சட்டியை வழித்துத் தின்றார்கள் என்பது மட்டும் சத்தியம். அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் ஆர்வில்லா பீலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஆர்வில்லா எங்கள் ஹாடக் துறையிலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கோடையில் மத்தி மீன் ஆலையில் வேலை. கத்தரிக்கோலால் மீன் தலையை நறுக்கி டப்பாவில் அடுக்குவாள். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். கணவன் வெண்டல் சிங்கி இறால் பிடிப்பவன், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுபவன். ஒரே மகள் கொரின், அப்போது பதினோரு வயது.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கொரின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆர்வில்லா முட்டை எடுக்கக் கோழிக்கூண்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் புகைபோக்கிக்குள் படிந்திருந்த கரி பற்றிக்கொண்டது. நான்கு முட்டைகளை ஏப்ரனில் ஏந்திக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது.

வெண்டல் கரையில் உட்கார்ந்து மிதவைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் தீயணைப்பவர்கள் எல்லாரும் மீனவர்கள்தான். சங்கு ஊதினால் எங்கே என்று கேட்பதில்லை, ஓடிப்போய் வண்டியில் தொற்றிக்கொள்வதுதான் பழக்கம். வெண்டலும் தொற்றிக்கொண்டான். வண்டியை ஓட்டியவன் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருக்கும் மெர்ல்.

"எங்கடா மெர்ல்?"

"நல்லாப் பிடிச்சுக்கோ. ரோடு வழுக்குது."

வண்டி தன் தெருவுக்குத் திரும்பியதும் வெண்டலுக்குப் புரிந்தது. அதற்கப்புறமும் அவன் மற்ற நாட்களைப் போலவே இறங்கினான், குளத்துப் பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டினான், குழாயைப் பிடித்தான். தண்ணீர் வருவதற்குள் நான்கு சுவர்களும் போய்விட்டன. ஆர்வில்லா கடைசி வரை முட்டையை ஏந்தியபடியே நின்றாள். "குடுடீ, நான் வெச்சுக்கிறேன்" என்று கேட்டேன். "ஒடைஞ்சிரும்" என்றாள். அன்று அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

மெர்ல் தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைக் கொடுத்தான். ஊர் அங்கே படையெடுத்தது. கம்பளி, கரண்டி, ஒற்றைக்கால் பூட்ஸ்கூட வந்தது. இன்னொரு கால் மறுநாள் வந்தது. யார் என்ன கேட்டாலும் ஆர்வில்லா, "எல்லாம் இருக்கு" என்றாள். யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு கைவிரல்வரை தொங்கியது, அதை மடித்துவிடவும் இல்லை. வியாழக்கிழமை கடைக்குப் போய் வழக்கமான சாமான்களை வாங்கினாள். கூடவே புகைபோக்கி துடைக்கும் பிரஷ் ஒன்று. கடைக்காரன் அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான்.

போர்ட்லண்ட் நகரத்தில் இருக்கும் ஆர்வில்லாவின் தங்கை, நிரந்தரமாக வந்துவிடச் சொல்லித் தினமும் போன் செய்தாள். இங்கே மெர்ல் வீடு கட்ட மரம் அறுத்து வைத்திருந்தான். ஆணியடிக்க ஊரே தயாராக இருந்தது. இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தை வரவில்லை.

சனிக்கிழமை மாலை, அந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்காகச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மொச்சை விருந்து. இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் எல்லா மொச்சைச் சட்டியும் ஒரே பழுப்பு நிறம். அதனால் அடியில் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுவோம். என் பெயர் ஒட்டியிருந்த சட்டி என்னுடையது இல்லை. ஆர்வில்லாவின் அம்மா லூயெல்லாவினுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்துக்காக இரவல் வாங்கினேன். அதில் வெந்த மொச்சையைத் தின்றுவிட்டு ஊரே என்னைக் கொண்டாடியது. என் சட்டியில் அந்த ருசி ஒருநாளும் வந்ததில்லை. உடைந்துவிட்டது என்று ஆர்வில்லாவிடம் பொய் சொல்லி, புதுச் சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது இப்போது சாம்பலுக்கடியில் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

ஒவ்வொரு விருந்திலும் அந்தச் சட்டியைக் கழுவாமலே வீட்டுக்குத் தூக்கிப்போவேன்.

"ஹேட்டி, அதுக்குள்ள என்ன தங்கமா வெச்சிருக்க?" என்று சர்ச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் நதீன் அன்றும் சீண்டினாள்.

"உன் கையில குடுத்தா அதுக்குக் கருமாதிதான்" என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் மெர்ல், ஆர்வில்லாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. கட்டணுமா, வேணாமா? மரத்த வேற ஆளு கேக்குறான்."

"வெண்டல்கிட்ட கேளு."

"அவன் உங்கிட்ட கேக்கச் சொல்றான்."

"ஓ" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். கோட்டோடு நேராகக் கழுவும் தொட்டிமுன் நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு உனக்காகத்தான்டீ விருந்தே. போய் உக்காரு" என்று நதீன் அதட்டினாள்.

"உக்காந்தா கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல."

நதீன் நகர்ந்து இடம் விட்டாள். ஆர்வில்லா ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவி, கவிழ்த்து, பெயரைப் படித்து அடுக்கினாள். "நதீன். மெர்ல் வீடு. பாதிரியார் வீடு." பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரல். எதிலும் அவள் பெயர் இல்லை.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நேராகத் தொட்டியருகே போனேன். சட்டியைத் தூக்கி, என் பெயர் எழுதிய டேப்பை எல்லார் முன்னாலும் என் நகத்தாலேயே உரித்து, அவள் கையில் கொடுத்தேன். அடியில் ஆணியால் கீறியிருந்தது: லூயெல்லா.

ஆர்வில்லா அந்த எழுத்துகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"அம்மா கீறினது."

"ஆமா."

"ஒடைஞ்சுபோச்சுன்ன."

"ஆமா."

"ஒன்பது வருஷம், ஹேட்டி."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட இருந்திருந்தா இப்ப ஒடைஞ்சுதான் இருக்கும்" என்றாள். அதே குரல்தான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சட்டியை இன்னொரு தடவை கழுவினாள். கோட்டுக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, துடைத்தாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"மெர்ல், சமையக்கட்டு கிழக்கப் பாத்து இருக்கட்டும். அந்த வீட்டுல காலை வெயில் வரவே இல்ல."

மெர்ல் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டினான். வெண்டல் எழுந்துபோய்க் கொரினுடைய தொப்பியைத் தேடத் தொடங்கினான். அது அவள் தலையிலேயே இருந்தது.

எழுதி முடித்த கையோடு, கிழக்கு பார்த்த அந்தச் சமையலறையில் உட்கார்ந்து ஆர்வில்லாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவள் மொச்சையில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முட்டை நான்குதான் என்றாள். வருஷம் ஒன்பதுதான் என்றாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆனா நீ எங்கடீ உரிச்ச? டேப்பு வெந்நீர்ல ஊறித் தானாக் கழண்டுச்சு. நீ கோட்ட மாட்டிக்கிட்டுப் பின்வாசல்ல நழுவிக்கிட்டிருந்த. நான்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், ரெண்டு தடவ."