கட்டாதே என்ற ஆர்க்கிடெக்ட்

வடக்குப்பட்டில் இருக்கும் என் மனையில், பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்ட ஆர்க்கிடெக்ட் ஒருவரை அழைத்திருந்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். கையிலிருந்த டேப்பை இழுப்பதும் சர்ரென்று விடுவதுமாக இருந்தாரே தவிர, எதையும் அளக்கவில்லை.

“பிளான் எப்ப சார் குடுப்பீங்க?” என்றேன்.

“பிளான் போடறதை விட்டாச்சுங்க. கட்டலாமா வேணாமான்னு சொல்றதுதான் இப்ப தொழில். நீங்க கட்டாதீங்க. கம்பெனியே ஹாஸ்டல் கட்டப் போகுது.”

“இன்னா சார், எதிர் மனையில ஹாஸ்டல் கட்டப் போறவர் அனுப்புனாரா?”

“அவரையும் கட்டாதீங்கன்னுதான் சொன்னேன்” என்று சிரித்தார்.

சந்தேகம் தீரவில்லை, ஆனாலும் பயந்துபோய் நான் கட்டவில்லை. அவர் பேச்சைக் கேட்காமல் கட்டிய எதிர் ஹாஸ்டலில் இன்று ஒரு கட்டில்கூடக் காலியில்லை. கம்பெனியும் எதையும் கட்டவில்லை.

போன வாரம் யாரோ போனில் என் மனையை விலைக்குக் கேட்டார். அந்தக் குரலுக்குப் பின்னால் டேப் ஒன்று சர்ரென்று உள்ளே சுருண்டது.