வேம்புலி வரைந்த பனிமலை

பட்டாபிராமில் பெயிண்டர் வேம்புலியைத் தெரியாதவர் யார்? கடைப் பலகை, லாரியின் முதுகு, கட்சிச் சுவர் என்று அவர் கை படாத இடமே இல்லை. ஆனாலும் மனுஷனுக்கு ஒரே ஆசைதான். வெயிலில் ஏணி ஏறியது போதும், போட்டோ ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து, படம் எடுப்பவர்களுக்குப் பின்னால் தொங்குகிற சீனரி வரைய வேண்டும்.

1988இல் சுலைமான் பாய் தன் ஸ்டுடியோவில் அதற்கு வழிவிட்டார். "இந்த ஒரு சீனரி நல்லா வந்தா இங்கியே இரு. சொதப்புனா சுவத்துக்கே போய்டு" என்று கறாராகச் சொல்லியும்விட்டார்.

சீனரி கேட்டவர் பட்டாளத்துக்காரர் குணசேகரன். வடக்கே, ரோடுகூட இல்லாத பனிமலையில் காவல், லீவில் வந்திருந்தார். அந்த மலைக்கு முன்னால் மனைவி புஷ்பாவோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "நடுவுல பெரிய சிகரம். சுத்தி நாலு சின்னது. எல்லாம் வெள்ள" என்று காற்றிலேயே வரைந்து காட்டினார்.

வேம்புலி வரைந்தார் பாருங்கள்! வெள்ளைக்குள் நீலத்தைக் குழைத்து, அடடா, பார்த்தாலே குளிரும். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அவர் ஏறிய ஒரே மலை திருத்தணி. உச்சி மொட்டையாக இருந்தது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. குட்டியாக ஒரு கோபுரம் வைத்தார். கோபுரம் இருந்தால் படி வேண்டாமா? அடிவாரம் வரை அதையும் போட்டார்.

மறுநாள் சுலைமான் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், பனி மேல யாருய்யா கோயிலு கட்னது?"

"மலைன்னா கோயிலு இல்லாம எப்டி பாய்?"

"போய்யா, உனக்கு சுவருதான் லாயக்கு!"

கோபுரத்தை மறைக்க பாய் வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதே குணசேகரனும் புஷ்பாவும் வந்துவிட்டார்கள்.

புஷ்பா சீனரியை உற்றுப் பார்த்தாள். பிறகு புருஷன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யோவ், அங்க கோயிலு கீதுன்னு ஒரு வார்த்த சொன்னியா? தனியா கெடக்குறியேன்னு நான் இங்க தெனம் அய்துகினு கீறேன்!"

குணசேகரன் வாயைத் திறந்தார். அவள் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"கீது புஷ்பா. படிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"இன்னா சாமி?"

குணசேகரன் வேம்புலி பக்கம் திரும்பினார்.

"முருகரும்மா" என்றார் வேம்புலி. "உங்க ஊட்டுக்காரர பத்திரமா பாத்துக்குவாரு."

புஷ்பா சீனரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுலைமான் பாய் டப்பாவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு கேமராவுக்குப் பின்னால் போனார்.

"கோபுரம் மறையாம நில்லும்மா" என்றார். "வேம்புலி, நீ எங்கியும் போவாத. அந்த லைட்ட புடி."